உழுத மண்ணில் நீர் எந்த வழியாக இறங்குகிறது?

உழவைப் பற்றிய பேச்சில் இரண்டு கூற்றுகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. நன்றாக உழுது பொலபொலப்பாக்கிய நிலத்தில்தான் மழைநீர் இறங்கும், உழாத நிலத்தில் அது வழிந்தோடிவிடும் என்பது ஒன்று. உழவுதான் மண்ணைக் கெடுக்கிறது, கலப்பையை நிறுத்திவிட்டால் உரமும் மருந்தும் நீர்நிலைகளுக்குப் போவது நின்றுவிடும் என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் தாம் கண்டதை வைத்தே சொல்கிறார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு கூற்றுகளும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. மண்ணுக்குள் எவ்வளவு நீர் இறங்குகிறது என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. அந்த நீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதையும், அது வந்து சேரும்போது உரமோ மருந்தோ மண்ணில் எங்கே இருக்கிறது என்பதையும் அவை கேட்பதில்லை. உழவு பெரும்பாலும் மாற்றுவது இந்த வழியையும் இந்த இருப்பிடத்தையும்தான் என்பதால், அவற்றை விட்டுவிட்டு உழவின் நன்மை தீமைகளைப் பேசுவது கணக்கின் பாதியை மட்டும் பார்ப்பதாகும்.

மண் என்பது பாதி இடைவெளி

ஒரு பாத்திரம் நிறையக் கூழாங்கற்களை நிரப்பிய பிறகும் அதில் கணிசமான நீரை ஊற்ற முடியும். மண்ணும் அப்படித்தான். வயலின் மேல்மண்ணை உருக்குலையாமல் ஒரு லிட்டர் அளவு வெட்டியெடுத்து உலர்த்தினால், அது ஏறத்தாழ 1.3 கிலோ எடை இருக்கும். ஆனால் மண்ணின் கனிமத் துகள்கள் நீரைப்போல் சுமார் 2.65 மடங்கு அடர்த்தி கொண்டவை; ஒரு லிட்டரும் இடைவெளியின்றி அவற்றால் நிறைந்திருந்தால் எடை 2.65 கிலோ ஆகியிருக்க வேண்டும். ஆகவே அந்த ஒரு லிட்டரில் திடப்பொருள் பாதிதான், மீதிப் பாதி காற்றும் நீரும் மாறிமாறிக் குடியிருக்கும் வெற்றிடம்.

இந்த வெற்றிடங்கள் ஒரே அளவில் அமைவதில்லை. மணல், வண்டல், களி ஆகிய துகள்கள் தனித்தனியாகக் கிடக்காமல், வேர்களின் கசிவும் நுண்ணுயிர்களின் பசையும் மக்கிய பொருளும் பிணைத்த சிறு உருண்டைகளாகச் சேர்ந்திருக்கின்றன. இவற்றை மண் திரள்கள் என்பார்கள். திரளுக்கு உள்ளே இருக்கும் இடைவெளிகள் மிக நுண்ணியவை. திரளுக்கும் திரளுக்கும் நடுவே இருப்பவை பெரியவை. மக்கிப்போன வேர் விட்டுச்சென்ற குழாய்களும், மண்புழு வளைகளும், காய்ந்த களிமண்ணின் வெடிப்புகளும் அவற்றினும் பெரியவை.

கலப்பை துகள்களை மாற்றுவதில்லை. மணல் மணலாகவும் களி களியாகவுமே இருக்கும். இடைவெளிகளின் அளவும் அவற்றின் தொடர்ச்சியுமே மாறுகின்றன. இனி வருவதெல்லாம் இந்த ஒரு செய்தியின் விரிவு.

இறுகப் பிடிக்கும் துளையும் கைவிடும் துளையும்

நனைத்த துணியைக் கொடியில் தொங்கவிட்டால் சிறிது நேரம் நீர் சொட்டும், பிறகு சொட்டுவது நின்றுவிடும். ஆனாலும் துணி ஈரமாகவே இருக்கும். நூலிழைகளுக்கு இடையே அகலமாக இருந்த இடங்களிலிருந்த நீரைப் புவியீர்ப்பு இழுத்துக்கொண்டது. குறுகலான இடங்களில் இருந்த நீரை அதனால் இழுக்க முடியவில்லை. குறுகிய இடைவெளியின் சுவர்கள் நீரைப் பற்றியிழுக்கும் இந்த விசைக்குத் தந்துகிக் கவர்ச்சி என்று பெயர். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் நீர் ஏறத்தாழ 30 செ.மீ. உயரம் தானே ஏறி நிற்கும். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் அது ஒன்றரை செ.மீ. மட்டுமே ஏறும்.

மண்ணிலும் இதே பிரிவினை உண்டு. நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்திருந்து வேர்களுக்குக் கொடுக்கின்றன. ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டரைத் தாண்டிய துளைகளால் நீரைத் தாங்கி நிறுத்த முடியாது. நீர் அவற்றுக்குள் வந்தால் கீழே விழுந்துவிடும். இவற்றைப் பெருந்துளைகள் என்போம்.

அகலம் கூடும்போது கடத்தும் திறன் கூடும் வேகம் பலரும் எதிர்பாராத ஒன்று. நேரான குழாய் ஒன்றின் விட்டம் இரு மடங்கானால், மற்றவை மாறாதபோது, அது கடத்தும் நீர் 16 மடங்காகிறது. பத்து மடங்கானால் பத்தாயிரம் மடங்கு. இந்தக் கணக்கின்படி, நீர் நிரம்பிய நிலையில், 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மண்புழு வளை 0.05 மில்லிமீட்டர் விட்டமுள்ள பத்துக் கோடி நுண்துளைகளுக்குச் சமமான நீரைக் கடத்தும். மண்ணின் துளைகள் நேரான குழாய்கள் அல்ல என்பதால் இதை அப்படியே வயலில் பொருத்தக்கூடாது. ஆனால் ஒரு சதுர மீட்டரில் இருக்கும் நாலைந்து ஆழமான வளைகள் மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாமல் நீரோட்டத்தின் கதையையே மாற்றிவிடுவது எப்படி என்பதற்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது.

அறைகளும் படிக்கட்டும்

பல மாடிகள் கொண்ட ஒரு விடுதியை எண்ணிக்கொள்ளலாம். தளந்தோறும் சிறு அறைகள், நடுவே மேலிருந்து கீழ்வரை ஓர் அகலமான படிக்கட்டு. மொட்டைமாடி வழியாக ஒவ்வொருவராக ஆட்கள் வந்தால், அவர்கள் முதலில் மேல்தளத்து அறைகளை நிரப்புவார்கள், பிறகு அடுத்த தளத்துக்கு நகர்வார்கள். ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் தள்ளிக்கொண்டு வந்தாலோ, அறைக்கதவுகளில் நெரிசல் ஏற்பட்டு, மிச்சமுள்ளவர்கள் எந்த அறையையும் எட்டிப் பார்க்காமல் படிக்கட்டு வழியாக நேரே தரைத்தளத்துக்கு இறங்கிவிடுவார்கள்.

மெல்லப் பெய்யும் மழை முதல் வகை. நீர் நுண்துளைகள் நிறைந்த மண்ணுடலுக்குள் ஊறி, ஏற்கெனவே இருந்த ஈரத்தைக் கீழே தள்ளிக்கொண்டு, சீராக இறங்கும். மண்ணுடல் உறிஞ்சும் வேகத்தை மழையின் வேகம் மிஞ்சும்போது மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் உருவாகி, பக்கத்திலிருக்கும் வளைக்குள்ளோ வெடிப்புக்குள்ளோ வழிந்து விழும். மண்ணுடலைத் தவிர்த்துவிட்டுப் பெருந்துளைகள் வழியாக நீர் விரைந்து இறங்கும் இந்த நிகழ்வை இக்கட்டுரையில் குறுக்குவழிப் பாய்வு என்று அழைப்போம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1870-இல், கலைக்கப்படாத மண் கட்டிகளின் அடியில் வடியும் நீரைச் சேகரித்து அளக்கும் அமைப்புகள் கட்டப்பட்டன. அங்கு பணியாற்றிய லாஸ், கில்பர்ட், வாரிங்டன் ஆகியோர் 1882-இல் வெளியிட்ட அறிக்கையில், வடிந்து வரும் நீரில் திறந்த வழிகளூடே நேராக இறங்கிய மழைநீர் ஒரு பகுதி, மண்ணின் நுண்துளைகளிலிருந்து மெல்ல வெளியேறியது மற்றொரு பகுதி என்று பிரித்துக் காட்டினார்கள். ஆனாலும் அதன்பின் நெடுங்காலம், மண்ணைச் சீரான மணல் வடிகட்டியாகக் கொண்டு கணக்கிடும் பழக்கமே ஓங்கியிருந்தது. கணிதத்துக்கு அது வசதி. 1990-களில் சுவிட்சர்லாந்தில் 14 வயல்களில் நீலச் சாயம் கலந்த நீரைத் தெளித்து, மறுநாள் குழி வெட்டிப் பார்த்தபோது, பெரும்பாலான இடங்களில் நீலம் பரவலாக இறங்காமல் கோடுகளாகவும் திட்டுகளாகவும் ஆழத்துக்குப் போயிருந்தது.

ஆக, மண்ணில் நீர் இறங்க இரண்டு வழிகள் உண்டு: அறைகள் வழியாக மெதுவாக ஒன்று, படிக்கட்டு வழியாக விரைவாக மற்றொன்று. எது திறக்கும் என்பதை மழையின் வேகமும் மண்ணின் ஈரமும் துளைகளின் தொடர்ச்சியும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

கலப்பை எதை மாற்றுகிறது

மண்ணைப் புரட்டிப்போடும் வளைப்பலகைக் கலப்பை வழக்கமாக 15 முதல் 25 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை வெட்டிக் கவிழ்க்கிறது. உழுத அன்று பார்த்தால் மண் உப்பிக் கிடக்கும். கட்டிகளுக்கு இடையே நிறைய இடைவெளி. மழை வந்தால் வேகமாகக் குடிக்கும். முதல் கூற்றைச் சொல்பவர்கள் காண்பது இந்த நிலையைத்தான். ஆனால் இந்த இடைவெளிகளுக்குத் தூண்கள் இல்லை. சில மழைகளுக்குப் பின் கட்டிகள் கரைந்து மண் அமிழ்ந்துவிடும். வேரும் புழுவும் பல ஆண்டுகளில் அமைத்த குழாயின் சுவர் அழுத்தி மெழுகப்பட்டது. கலப்பை உண்டாக்கிய இடைவெளி, அடுக்காமல் கொட்டிய செங்கற்களுக்கு இடையே உள்ள சந்து போன்றது.

மேற்பரப்பில் இன்னொன்று நடக்கிறது. பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் தரையைத் தாக்குகிறது. பயிர்த்தட்டையும் இலைச்சருகும் போர்த்தாத வெறும் மண்ணில் அந்த அடி திரள்களை உடைக்கிறது; உடைந்த நுண்துகள்கள் துளைவாய்களில் போய் அடைத்துக்கொள்ள, காய்ந்ததும் மேலே ஓர் ஏடு படிகிறது. சில மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனால் அதற்குக் கீழே எவ்வளவு பொலபொலப்பு இருந்தாலும் பயனில்லை. வாய் மூடிய குடத்தில் மழை விழுவது போன்ற நிலை அது. மண்ணை மாவாக அரைத்துவிடும் சுழற்கலப்பையை மிகையாக ஓட்டிய நிலங்களில் இந்த ஏடு விரைவாகப் படியும்.

அடியிலும் மாற்றம் உண்டு. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழும்போது கலப்பையின் அடிப்பாகம் உரசுவதாலும், சாலில் ஓடும் டிராக்டர் சக்கரத்தின் பாரத்தாலும், உழவு ஆழத்துக்குச் சற்றுக் கீழே இறுகிய ஓர் அடுக்கு உருவாகிறது. கடினத்தட்டு எனப்படும் இதில் நீர் தடைபட்டு, மேலே தேங்கி, பக்கவாட்டில் நகரத் தொடங்கும்.

இவற்றோடு, மண்புழு வளைகளும் பழைய வேர்க்குழாய்களும் உழவு ஆழத்தில் அறுபடுகின்றன. அறுபட்ட இடத்துக்குக் கீழே அவை அப்படியே இருக்கும். மேலே வாய் மட்டும் இல்லாமல் போகும். விடுதியில் மேல்தளத்துப் படிக்கட்டை மட்டும் இடித்துவிட்டால் கீழ்த்தளங்களின் படிக்கட்டு யாருக்கும் எட்டாதல்லவா, அது போல.

உழாமல் விட்ட நிலத்தில் இவை தலைகீழாகின்றன. உழவில்லாச் சாகுபடி என்பது பயிர்க்கழிவை மேலேயே விட்டு, விதை விழும் அளவுக்கு மட்டும் மண்ணைக் கீறி விதைப்பது. களைகளை உழவுக்குப் பதிலாக மருந்தால் அடக்க முடிந்த பிறகே இது பெரிய அளவில் பரவியது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1962-இல் ஒரு விவசாயி இம்முறையில் விற்பனைக்கான பயிரை எடுத்தார், அதே ஆண்டில் ஒஹாயோவின் வூஸ்டரில் இதற்கென நீண்டகால ஆய்வு வயல்கள் தொடங்கப்பட்டன. இத்தகைய நிலத்தில் மேல்மண் பெரும்பாலும் உழுத நிலத்தைவிடக் கெட்டியாகவே இருக்கும். அப்படியிருந்தும் பல இடங்களில் அது கூடுதல் நீரை உள்வாங்குகிறது என்பது முதலில் முரணாகத் தோன்றும். மொத்த இடைவெளி குறைந்தாலும், மேலிருந்து கீழ்வரை அறுபடாத வழிகள் கூடியிருப்பதும், பயிர்க்கழிவாலான தாள்போர்வை துளைவாய்களைக் காப்பதும்தான் காரணம். இது ஓர் ஆண்டில் வந்துவிடுவதில்லை. புழுக்கள் பெருகி வளைகள் அமைய ஆண்டுகள் பிடிக்கும். கழிவையெல்லாம் அள்ளிவிட்டு உழாமல் மட்டும் விடுவது இரண்டு முறைகளின் குறைகளையும் ஒருசேர வாங்கிக்கொள்வதாகும்: மண்ணும் கெட்டி, மேலே ஏடும் உண்டு.

சுருக்கமாக, உழவு மொத்த இடைவெளியைச் சிறிது காலம் கூட்டி, நெடிய வழிகளை அறுக்கிறது. உழாமை மொத்த இடைவெளியைக் குறைத்து, நெடிய வழிகளைக் காக்கிறது.

எல்லா ரசாயனமும் ஒரே பயணி அல்ல

நீரின் வழி தெரிந்தாலும் அதில் ஏறுபவர் யார் என்று தெரிய வேண்டும். களித்துகள்களின் பரப்பும் மக்கிய பொருளின் பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. தழைச்சத்தின் (நைட்ரஜனின்) அம்மோனிய வடிவம் நேர்மின்னேற்றம் உடையது. ஆகவே அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட் வடிவமோ எதிர்மின்னேற்றம் உடையது. அதை மண் பிடிப்பதில்லை. நீர் எங்கே போகிறதோ அங்கே நைட்ரேட்டும் போகும். கரைந்த பொருள் இப்படி நீரோடு வேர்மண்டலத்தைத் தாண்டிக் கீழே போவதைக் கரைந்திறங்குதல் என்பார்கள்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேறு சுபாவம். இரும்பு, அலுமினியம், சுண்ணாம்பு ஆகியவற்றோடு அது இறுகப் பிணைந்துகொள்வதால் மண் துகள் நகர்ந்தால் மட்டுமே பெரும்பாலும் நகரும். களைக்கொல்லிகளிலும் இந்த வேறுபாடு உண்டு. பாராகுவாட் களித்துகளில் ஏறக்குறைய சிறைப்பட்டுவிடும். கிளைபோசேட்டும் வலுவாக ஒட்டும். அட்ரசினின் பிடிப்பு தளர்வானது. நிலத்தடி நீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்பை அட்ரசின் மீறக்கூடும் என்ற கவலையாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அதற்கு அனுமதி மறுத்தது.

இங்கே ஒரு நுணுக்கம். ஒட்டும் தன்மை என்பது மண்ணைத் தொட்டால்தான் வேலை செய்யும். படிக்கட்டில் தாவி இறங்குபவரை அறைக்குள் இருப்பவர் கைப்பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே குறுக்குவழிப் பாய்வில், மண்ணில் அசையாது என்று பெயரெடுத்த மருந்துகூடச் சிறிதளவு ஆழத்துக்குப் போய்விடுகிறது. நிலத்துக்கடியில் வடிகால் குழாய் பதித்த வயல்களில், மருந்து தெளித்த சில நாட்களில் பெருமழை பெய்தால், குழாயின் வாயில் அந்த மருந்து தென்படுவது இதனால்தான். போகும் பங்கு தெளித்ததில் மிகச் சிறியதாகவே இருக்கும். ஆனால் குடிநீரின் வரம்புகளும் மிகச் சிறியவை.

முதல் மழை எப்படிப் பெய்கிறது

இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டுமே நினைவில் வைக்க இடமிருந்தால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளலாம்.

உழாத வயலில் இன்று உரம் தூவியிருக்கிறது என்று கொள்வோம். அது மேற்பரப்பில், பயிர்த்தாளின் மேலும் மண்ணின் மேலும் கிடக்கிறது. இரவே கனமழை கொட்டினால், மேலே தேங்கும் நீர் உரத்தைக் கரைத்து, அந்தக் கரைசலோடு வளைகளுக்குள் விழுகிறது. படிக்கட்டில் இறங்கும் கூட்டத்தின் கையில் பொட்டலம் இருக்கிறது. இது நடக்கக்கூடியவற்றுள் மோசமானது.

அதே வயலில் முதலில் மெல்லிய மழை வந்திருந்தால் கதை வேறு. 5 அல்லது 10 மில்லிமீட்டர் மழை, அதாவது ஒரு ஹெக்டேரில் 50,000 முதல் 1,00,000 லிட்டர் வரையான நீர், தேங்காமல் மண்ணுடலுக்குள் ஊறும். கரைந்த உரத்தையும் தன்னோடு நுண்துளைகளுக்குள் கொண்டுபோய்விடும். பொட்டலம் அறைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பின் கனமழை கொட்டினாலும், படிக்கட்டு வழியாக ஓடும் நீர் அறைகளைத் தொடாமல் வெறுங்கையோடு இறங்குகிறது. ஆழமான வளைகள் இருப்பது இந்த நிலையில் நைட்ரேட்டுக்குப் பாதுகாப்பாகவே அமைகிறது. ஒஹாயோவின் காஷாக்டன் நீர்ப்பிடிப்பு ஆய்வுக்களத்தில், இரவில் மேலே வந்து இரைதேடும் பெரிய மண்புழுக்களின் ஆழ்வளைகளில் இறங்கிய நீரை அளந்தவர்கள், முன்னதாகப் பெய்யும் மென்மழை அவ்வழியே போகும் ரசாயனத்தைக் குறைக்கிறது என்று கண்டார்கள்.

உழுத நிலத்தில் உரமும் மருந்தும் 15 செ.மீ. மண்ணோடு கலந்திருக்கின்றன. திடீர்க் கனமழைக்கு அவை அவ்வளவு எளிதாக அகப்படுவதில்லை. ஆனால் நாட்கணக்கில் தொடரும் மழையில், சீராக இறங்கும் நீர் ஒவ்வோர் அறையாகத் துடைத்துக்கொண்டே போகும். நைட்ரேட் முழுத்தொகுதியாகக் கீழே நகரும்.

எனவே உழவு நல்லதா உழாமை நல்லதா என்ற கேள்விக்கு, அடுத்த மழை எப்படிப் பெய்யும் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஒரே வயலில் ஓர் ஆண்டு ஒரு பதிலும் அடுத்த ஆண்டு எதிர்ப்பதிலும் கிடைப்பதைக் கண்டு ஆய்வுகளையே சந்தேகிப்பவர்கள் உண்டு. அந்த மாறுபாட்டை அளவீட்டுப் பிழையாகக் கொள்வது தவறு. மழை மாறினால் விடையும் மாறுவது இந்தப் பொருளின் இயல்பு.

உழவே உண்டாக்கும் நைட்ரேட்

நைட்ரேட் என்றதும் உரமூட்டை நினைவுக்கு வருகிறது. மண்ணின் மக்கிய பொருளிலும் தழைச்சத்து ஏராளமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. உழவு திரள்களை உடைத்துக் காற்றை உள்ளே விடும்போது, அதுவரை பாதுகாப்பாக இருந்த மக்குப்பொருள் நுண்ணுயிர்களுக்கு எட்டுகிறது. அவை அதைச் சிதைத்து அம்மோனியமாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. விதைப்புக்கு முன் இது நடந்தால் பயிருக்கு விருந்து. அறுவடை முடிந்து, உண்ண வேர் இல்லாத வெற்று நிலத்தில், மழைக்காலத்துக்கு முன் நடந்தால் அது அத்தனையும் கீழே போகத் தயாராக நிற்கும் சரக்கு. உரமே போடாத தரிசு நிலத்தின் வடிநீரிலும் நைட்ரேட் வருவதற்கு இதுவே காரணம். இடைக்காலத்தில் ஒரு மூடுபயிரை வளர்த்து அந்த நைட்ரேட்டை வேரால் பிடித்துவைப்பது, எப்போது உழுவது என்று மாற்றியமைப்பது போன்றவை, எந்தக் கருவியால் உழுவது என்ற கேள்வியைவிடச் சில இடங்களில் அதிகப் பயன் தருகின்றன. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்ஸிஜன் சுமக்கும் திறனை மிகை நைட்ரேட் குறைப்பதைக் கருதி வகுக்கப்பட்டது அது.

மேலே ஓடுவதும் கீழே இறங்குவதும் ஒரே கணக்கு

ஒரு வயலில் விழும் மழை மூன்று வழிகளில் செலவாகிறது: மேற்பரப்பில் வழிந்தோடும், மண்ணில் தங்கி ஆவியாகவும் பயிர்வழியாகவும் வெளியேறும், அல்லது ஆழத்துக்கு வடியும். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றில் அது ஏறும். உழாத நிலமும் தாள்போர்வையும் வழிந்தோட்டத்தைக் குறைக்கின்றன, ஆவியாதலையும் குறைக்கின்றன. மிச்சமான அந்த நீர் எங்கே போகும்? பயிர் குடித்தது போக, கீழே. மண் அரிப்பு குறைந்ததைக் கொண்டாடும்போது, கீழே வடியும் நீரின் அளவு கூடியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அரிப்பு சிறிய சேதமல்ல. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மேல்மண் போனால் அது சுமார் 13 டன். கண்ணுக்கு அந்த இழப்பு தெரியவே தெரியாது. அந்த மண்ணோடு ஒட்டியிருக்கும் மணிச்சத்தும் மருந்தும் கூடவே போகின்றன. விதைப்புக்குப் பின்னும் நிலப்பரப்பில் குறைந்தது 30 விழுக்காடு பயிர்க்கழிவால் மூடியிருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பாதுகாப்பு உழவுக்கு, அதாவது மண்ணைக் காக்க உழவைக் குறைக்கும் முறைக்கு, வகுத்த அளவுகோல். சரிவான நிலத்தில், சரிவுக்குக் குறுக்காக உழுவதும் ஒவ்வோர் உழுசாலையும் ஒரு சிறு வரப்பாக்கி நீரை நிறுத்தும்.

ஆனால் இங்கும் கணக்கு ஒரு பக்கத்தோடு முடிவதில்லை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள ஈரி ஏரி, மணிச்சத்து மிகுந்து பாசி மண்டிய ஏரியாக 1960-களில் பெயர்பெற்றது. 1972-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பின் கழிவுநீர் சுத்திகரிப்பு மேம்பட்டது, சுற்றுப்புற வயல்களில் குறைந்த உழவும் ஊக்குவிக்கப்பட்டது, ஏரியும் தெளிந்தது. 1990-களின் நடுவிலிருந்து, அந்த ஏரியின் மேற்குப் பகுதியில் கலக்கும் மௌமி ஆற்றில், மண்ணோடு ஒட்டி வராமல் நீரில் கரைந்தே வரும் மணிச்சத்து ஏறத் தொடங்கியது. பாசிக்கு உடனே உணவாவது இந்த வடிவம்தான். 2014 ஆகஸ்டில் டொலீடோ நகரின் குடிநீரில் பாசிநஞ்சு கலந்து, சுமார் 5 லட்சம் பேர் இரண்டு நாட்களுக்கு மேல் குழாய்நீரைக் குடிக்கக் கூடாது என்று அறிவிக்க நேர்ந்தது.

உழவைக் குறைத்ததுதான் இதற்குக் காரணம் என்று சொல்வது அநீதி. உரமிடும் பருவமும் முறையும், நிலத்தடி வடிகால் குழாய்கள் பெருகியதும், கனமழைகளும் இதில் பங்கு கொண்டவை. ஆனால் உழாத நிலத்தில் ஆண்டுதோறும் மேலே தூவிய மணிச்சத்து மண்ணோடு கலக்காமல் முதல் சில செ.மீ. ஆழத்திலேயே அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தது என்பதும், வழிந்தோடும் நீரும் வளைகளுக்குள் விழும் நீரும் முதலில் தொடுவது அந்த அடுக்கைத்தான் என்பதும் மறுக்கமுடியாதவை. உரத்தைத் தூவாமல் விதைக்கு அருகே மண்ணுக்குள் செருகுவது இதற்கு நேரான மருந்து. அங்கே மாற்ற வேண்டியிருந்தது கலப்பையைக் காட்டிலும் உரம் விழும் இடத்தை.

வேண்டுமென்றே துளைகளை அடைக்கும் உழவு

இதுவரை சொன்னதெல்லாம் நீர் இறங்குவதை நல்லதாகக் கொண்டு சொன்னவை. நெல் வயலில் நோக்கமே வேறு. நீர் கட்டிய நிலத்தில் சேறாக உழும்போது திரள்கள் உடைந்து, பெருந்துளைகள் அடைபட்டு, களி மெல்லப் படிந்து ஒரு மூடி போல அமைகிறது. அடியில் உருவாகும் கடினத்தட்டும் இங்கே குறையாக இல்லாமல் நீரைத் தாங்கும் தளமாகிறது. மற்ற பயிர்களில் நாம் பழிக்கும் அதே இரண்டு விளைவுகளை இங்கே விரும்பி உண்டாக்குகிறோம்.

சேறு காய்ந்தால் நிலைமை புரண்டுவிடும். களிமண் வெடித்து, வெடிப்புகள் சில இடங்களில் கடினத்தட்டையும் பிளந்துகொண்டு போகும். அந்நிலையில் மீண்டும் நீர் பாய்ச்சினால் வெடிப்புகள் ஊறி மூடும்வரை நீர் குறுக்குவழியாகவே இறங்கும்; அந்த நேரத்தில் இட்ட உரமும் கூடவே இறங்கும். வெடிப்பு விழுந்த வயலில் முதல் நீரோடு உரம் இடாமல், மண் ஊறி மூடிய பிறகு இடுவது இந்த இயக்கவியலிலிருந்து நேரே வரும் முடிவு.

குழி வெட்டிப் பார்த்தல்

மேலே கண்டவற்றைத் தம் நிலத்தில் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அடி நீக்கிய ஒரு தகரக் குவளையை மண்ணில் சிறிது பதித்து, குறித்த அளவு நீரை ஊற்றி, இறங்க எடுக்கும் நேரத்தை உழுத பகுதியிலும் உழாத பகுதியிலும், உழுத உடனேயும் நாலு மழைக்குப் பின்னும் ஒப்பிட்டால், உழவின் பொலபொலப்பு எவ்வளவு நாள் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு முடிவு கட்டக்கூடாது. அடியில் ஒரு வளை அகப்பட்டால் பக்கத்திலிருப்பதைவிடப் பல மடங்கு வேகம் காட்டும், அதுவும் ஒரு தகவலே.

வழியைக் காண வேண்டுமானால் உணவில் சேர்க்கும் நீலச் சாயத்தைக் கரைத்து ஒரு சதுர மீட்டரில் பூவாளியால் தெளித்துவிட்டு, மறுநாள் அந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டிப் பார்க்கலாம். அண்மையில் உழுத மண்ணில் நீலம் பெரும்பாலும் உழவு ஆழம்வரை பரவலாகப் படிந்து, கடினத்தட்டின் மேல் கிடைக்கோடு போல நிற்கும். நெடுநாள் உழாத மண்ணில் மேலே மெல்லிய நீலப்படலமும், அதன் கீழே நிறமே ஏறாத மண்ணும், அந்த மண்ணின் நடுவே பென்சில் பருமனில் ஒன்றிரண்டு நீலக்கோடுகளும் இறங்கியிருக்கும். மண்வெட்டியால் அந்தக் கோட்டைத் தொடர்ந்து போனால், வெட்டிய குழியின் அடியைத் தாண்டியும் அது போய்க்கொண்டிருப்பதைக் காணலாம்.